மாறுகிற மரக்கால்

நெய்யூர் ஆஸ்பத்திரியைப் பற்றிப் பேச்செடுத்தால் பின்னாலேயே எவரெஸ்ட் வந்துவிடும். டாக்டர் ஹோவர்ட் சோமர்வெல் 1922-இலும் 1924-இலும் அந்த மலையில் ஏறியவர். முதல் பயணம் முடிந்து ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர், நெய்யூரில் காத்துக்கிடந்த நோயாளிகளைப் பார்த்துவிட்டு இங்கேயே வேலைக்குச் சேர்ந்துகொண்டார். இதெல்லாம் ஊருக்குத் தெரிந்த கதை. அவர் வயிற்றைப் பற்றி எழுதியது அவ்வளவாகத் தெரியாது. தெற்குத் திருவாங்கூரில் அவரிடம் வந்தவர்களில் குடற்புண்காரர்கள் மலைக்கும்படியான எண்ணிக்கையில் இருந்தார்கள். அவரும் சக மருத்துவர்களும் ஏராளமானோருக்கு அறுவை சிகிச்சை செய்தார்கள். பதிவேடுகளைத் தொகுத்து 1930-களில் மருத்துவ இதழ்களில் எழுதினார்கள். இரைப்பை, முன்சிறுகுடல் அறுவை பற்றி 1948-இல் சோமர்வெல்லின் புத்தகமே வந்தது.

அந்தப் பதிவேடுகளை இன்று யோசிக்கும்போது ஒரு சந்தேகம் வருகிறது. இந்தப் பக்கத்தில் குடற்புண் உண்மையிலேயே அதிகமா? அல்லது நெய்யூரில் கைராசிக்கார டாக்டர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, எங்கெங்கோ இருந்த குடற்புண்காரர்கள் எல்லாம் இங்கே வந்து சேர்ந்தார்களா? ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களை எண்ணினால் வந்தவர்களைப் பற்றித்தான் தெரியும். ஊரைப் பற்றித் தெரிய வேண்டுமானால் ஊரை எண்ண வேண்டும். பக்கத்து ஊரையும் அதே முறையில் எண்ண வேண்டும். குன்னூரில் ஆராய்ச்சிக்கூடம் வைத்திருந்த ராபர்ட் மெக்கரிசன் இதை வேறொரு முனையில் பிடித்தார். சில எலிகளுக்குத் திருவாங்கூர் ஏழைகளின் சாப்பாடு, முக்கியமாக அரிசியும் மரச்சீனியும். வேறு சில எலிகளுக்குச் சீக்கியர்களின் சாப்பாடு. முதல் கூட்டத்தில் பலவற்றுக்கு வயிற்றில் புண் கண்டது. இரண்டாவது கூட்டத்தில் இல்லை. அந்த இரண்டாவது கூட்டம் இல்லாமல் முதல் கூட்டத்தைப் பற்றி ஒன்றும் சொல்லியிருக்க முடியாது என்பதை மட்டும் இப்போதைக்கு நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். குடற்புண்ணுக்குப் பெருங்காரணம் ஒரு பாக்டீரியா என்பதை 1980-களில் ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் கண்டுபிடித்தார்கள். 2005-இல் நோபல் பரிசு பெற்றார்கள். விளக்கம் மாறியது. நெய்யூரின் எண்ணிக்கைகள் மாறவில்லை. ஒழுங்காக எண்ணி வைத்தால் அப்படித்தான், விளக்கம் சொல்பவர்கள் மாறினாலும் எண்ணிக்கை உதவிக்கு நிற்கும்.

வயிற்றை விட்டுவிட்டுத் தலைக்கு வருவோம். இதே நெய்யூரில், திங்கள்சந்தையில், இரணியலில் பள்ளிக்குப் போகிற பிள்ளைகளுக்குப் பத்து வருஷத்துக்கு முன்பிருந்த பிள்ளைகளைவிட அறிவியல் கூடுதலாகத் தெரிகிறதா, குறைவாகத் தெரிகிறதா? கேள்வி எளிமையானது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதலிடம், 91.75 சதவீதம், வைத்திருக்கும் குமரி மாவட்டத்தில் இதற்குப் பதில் இருக்க வேண்டும் அல்லவா? பதில் இல்லை. குமரியில் மட்டுமல்ல, தமிழ்நாட்டிலும் இல்லை, இந்தியாவிலும் இல்லை. மதிப்பெண்கள் மலைபோல் குவிந்து கிடக்கின்றன. அளவு இல்லை.

மதிப்பெண்ணிலிருந்தே தொடங்கலாம். எஸ்.எஸ்.எல்.சி. அறிவியல் தாளில் நூற்றுக்கு நூறு, நம் பேச்சில் சென்டம், வாங்கியவர்களின் கணக்கு வருஷாவருஷம் பத்திரிகையில் வரும். 2013-இல் சுமார் 38 ஆயிரம் பேர். 2014-இல் சுமார் 69 ஆயிரம். 2015-இல் 1 லட்சத்து 15 ஆயிரத்துக்கு மேல். அந்த ஆண்டு தேர்வு எழுதியவர்கள் சுமார் பத்தரை லட்சம். அப்படியானால் பத்தில் ஒருவருக்கு மேல் அறிவியலில் பிழையே இல்லாதவர். மூன்றே வருஷத்தில் தமிழ்நாடு மூன்று மடங்கு அறிவியல் மேதைகளை உருவாக்கிவிட்டது என்று யாராவது எழுதியிருந்தால் புள்ளிவிவரம் அவர் பக்கம்தான் நின்றிருக்கும். அடுத்த வருஷம், 2016-இல், அதே சென்டம் 18 ஆயிரத்துச் சொச்சத்துக்கு விழுந்தது. ஆறில் ஐந்து பங்கு மேதைகள் ஒரே கோடை விடுமுறையில் காணாமற்போனார்கள். வேடிக்கை என்னவென்றால் தேர்ச்சி சதவீதம் 92.9-இலிருந்து 93.6-க்கு ஏறியிருந்தது. சென்டத்தைப் பார்த்தால் வீழ்ச்சி, தேர்ச்சியைப் பார்த்தால் வளர்ச்சி. இரண்டும் ஒரே தேர்விலிருந்து வந்த எண்கள்.

பழைய கதை என்று தள்ள வேண்டாம். 2024-இல் அறிவியலில் சென்டம் 5,104, கணிதத்தில் 20,691. 2025-இல் அறிவியல் 10,838, கணிதம் 1,996. ஒரே வருஷத்தில் ஒரு பாடத்தில் இரு மடங்கானது, மற்றொன்றில் பத்தில் ஒன்றாகச் சுருங்கியது. ஆசிரியர்கள் அதே ஆசிரியர்கள், புத்தகம் அதே புத்தகம். மாறியது வினாத்தாள்.

இது தேர்வுத் துறையின் குற்றமல்ல. பொதுத்தேர்வின் வேலை ஒரு வருஷத்துப் பிள்ளைகளை ஒருவருக்கொருவர் ஒப்பிட்டு, மேலே யார் எந்தக் குரூப் எடுக்கலாம் என்று பிரித்துக் கொடுப்பது. ஒவ்வொரு வருஷமும் புதுத் தாள்; எழுதி முடித்த அன்றைக்கே அது ஊருக்கெல்லாம் சொந்தம்; மறுநாள் டியூஷன் சென்டரில் விடைக்குறிப்பு. சென்ற வருஷத் தாளைவிட இந்த வருஷத் தாள் எவ்வளவு கடினம் என்று கணக்கிட இரண்டுக்கும் பொதுவாக வைத்த ரகசியக் கேள்வி ஒன்றுகூட கிடையாது. நாஞ்சில் நாட்டில் பாட்ட நெல் வாங்க ஒரு மரக்கால், கூலி நெல் கொடுக்க வேறொரு மரக்கால் வைத்திருந்த வீடுகளைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அங்கே மோசடி தெரிந்தே நடந்தது. இங்கே மோசடி இல்லை, வருஷத்துக்கொரு மரக்கால் என்பது நடைமுறை. ஆனால் அந்த நெல்லைக் கூட்டிக் கழித்து “விளைச்சல் கூடியிருக்கிறது” என்று நாம் பேசுகிறோமே, அங்கேதான் தவறு.

தேர்ச்சிக் கணக்கின் உள்ளேயும் கொஞ்சம் பார்க்கலாம். அறிவியலுக்கு எழுத்துத் தாள் 75, செய்முறை 25. எழுத்தில் 20-உம் செய்முறையில் 15-உம், மொத்தம் 35-உம் எடுத்தால் தேர்ச்சி. செய்முறையில் ஒன்று குவிலென்சின் குவியத் தூரம் காண்பது. அழகான சோதனை. லென்சை ஜன்னல் பக்கம் பிடித்துப் பின்னால் ஒரு வெள்ளைத் தாளை முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். ஓரிடத்தில் வெளியே நிற்கிற தென்னை, தலைகீழாக, ஓலை ஓலையாக, காற்றில் அசைந்துகொண்டு தாளில் வந்து விழும். முதல்முறை பார்க்கிற பிள்ளையின் முகத்தைப் பார்த்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள். பிறகு லென்சுக்கும் தாளுக்கும் உள்ள தூரத்தை அளக்க வேண்டும். இதே சோதனை செய்முறைத் தேர்வு நாளில் எப்படி நடக்கும்? லென்ஸ் பதினைந்து சென்டிமீட்டர் என்பது ஆய்வகத்தில் எல்லோருக்கும் தெரியும். ரெக்கார்டு நோட்டில் இருக்கிறது, அண்ணன் நோட்டிலும் இருந்தது. விடை முதலில் வரும், அட்டவணை பிறகு அதற்கேற்றபடி நிரம்பும். பொருளின் தூரம் இவ்வளவு என்றால் பிம்பத்தின் தூரம் எவ்வளவு வரவேண்டும் என்று சூத்திரத்தைத் திருப்பிப் போட்டுக் கணக்குப் பண்ணத் தெரிந்த பிள்ளைதான் கெட்டிக்காரப் பிள்ளை. செய்முறையில் 22-க்குக் குறைந்து வாங்கியவர் எவரையும் நான் பார்த்ததில்லை. எல்லோருக்கும் ஏறத்தாழ ஒரே அளவு காட்டுகிற தராசில் எடை போட்டு என்ன பயன்?

களியக்காவிளையைத் தாண்டினால் கதை இன்னும் தெளிவாகும். 1956 நவம்பர் 1 வரை இரு பக்கமும் ஒரே ஆட்சியின் கீழ். நெய்யூர் பிள்ளையும் நெய்யாற்றின்கரைப் பிள்ளையும் திருவாங்கூரின் ஒரே பள்ளி ஏற்பாட்டுக்குள் இருந்தவர்கள். இன்று 2025 கணக்கில் கேரளத்தின் எஸ்.எஸ்.எல்.சி. தேர்ச்சி 99.5 சதவீதம், தமிழ்நாட்டில் 93.8. எல்லைக்கு அந்தப் பக்கம் அறிவியல் கூடுதலாகத் தெரிகிறது என்று யாரும் இதிலிருந்து சொல்ல முடியாது. கேரள அரசே சொல்லவில்லை. எல்லோரையும் ஏற்றிவிடுகிற ஏற்பாட்டில் சங்கடப்பட்டுத்தான், 2024-25-இல் எட்டாம் வகுப்பிலிருந்து எழுத்துத் தேர்வில் பாடத்துக்குப் பாடம் குறைந்தபட்சம் 30 சதவீதம் வேண்டும் என்ற விதியை அவர்கள் கொண்டுவந்தார்கள்.

அப்படியானால் ஒரு நாட்டின் அறிவியல் படிப்பு எந்தத் திசையில் போகிறது என்பதை எப்படி அளப்பது? இதற்கென்றே வேறொரு வழி இருக்கிறது, அது பரீட்சை போலத் தோன்றும், ஆனால் பரீட்சை அல்ல. அமெரிக்கா 1969-இல் நேப் என்ற தேசிய மதிப்பீட்டைத் தொடங்கியபோது முதல் சுற்றில் எடுத்துக்கொண்ட மூன்று பாடங்களில் ஒன்று அறிவியல். அதன் கட்டுமானத்தில் மூன்று யோசனைகள் அடிப்படையானவை. முதலாவது, எல்லோருக்கும் வைக்க வேண்டியதில்லை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு. ஆனால் மேலாக இருக்கிற சோற்றை மட்டும் எடுக்கக்கூடாது, கிளறி எடுக்க வேண்டும்: எந்தப் பள்ளி, எந்தப் பிள்ளை என்பதைக் குலுக்கல்தான் தீர்மானிக்க வேண்டும், தலைமையாசிரியர் அல்ல. இரண்டாவது, ஒரு பிள்ளை எல்லாக் கேள்விகளுக்கும் பதில் எழுத வேண்டியதில்லை. நூற்றைம்பது கேள்விகளைப் பல சிறு தாள்களாகப் பிரித்து ஆளுக்கொன்று கொடுத்தால் பாடம் முழுவதையும் தொட்டுவிடலாம். இதனால் தனிப்பட்ட பிள்ளைக்கு மார்க் போட முடியாது, போடவே கூடாது. மார்க் இல்லாத இடத்தில் டியூஷனும் இல்லை, ஃபிளெக்ஸும் இல்லை. மூன்றாவதுதான் உயிர்நாடி. கேள்விகளில் ஒரு பகுதியை வெளியே விடாமல் பூட்டி வைத்து அடுத்த சுற்றிலும், அதற்கடுத்த சுற்றிலும் அப்படியே கேட்பது. அந்தப் பூட்டிய கேள்விகள்தான் மாறாத மரக்கால். அமெரிக்காவில் நேப்பின் நெடுங்கால அறிவியல் வரிசை 1999 வரை அப்படித்தான் ஓடியது, முப்பது வருஷம். பிறகு அதை அவர்களும் நிறுத்திவிட்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அளவுகோலைக் காப்பாற்றுவது பணக்கார நாட்டுக்கும் லேசான காரியமில்லை.

இந்தியா இதில் கால் வைத்தது ரொம்பப் பிந்தியல்ல. 1970-களின் தொடக்கத்தில் நடந்த முதல் சர்வதேச அறிவியல் ஆய்வில் இந்தி பேசும் மாநிலங்கள் கலந்துகொண்டன. தமிழ்ப் பிள்ளைகள் அப்படியொரு அளவுகோலின் முன் நின்றது அதற்கு நாற்பது வருஷம் கழித்து. 2010-இல் தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் பிசா என்ற சர்வதேசத் தேர்வின் கூடுதல் சுற்றில் பங்கேற்றன. பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கான தேர்வு அது. வளர்ந்த நாடுகளின் சராசரி ஏறத்தாழ 500 வரும்படி அமைத்த அளவு. அந்தச் சுற்றில் அறிவியல் சராசரி 501. ஷாங்காய் 575. தமிழ்நாடு 348, இமாசலம் 325. 2011 டிசம்பரில் முடிவு வந்தபோது எழுபத்து நான்கு இடங்களின் பட்டியலில் கிர்கிஸ்தானுடன் சேர்ந்து நாம் கடைசி மூன்றில் இருந்தோம். அறிவியலை வாழ்க்கையில் பயன்படுத்தத் தேவையான அடிப்படைப் படியைத் தமிழ்நாட்டில் எட்டியவர்கள் ஆறில் ஒருவர் அளவுக்கே இருந்தார்கள். அதே 2010-இல் எஸ்.எஸ்.எல்.சி. தேர்ச்சி 82.5 சதவீதம். இரண்டையும் நேருக்கு நேர் வைப்பது முழு நியாயமில்லை: ஒன்று வயதை வைத்து, மற்றொன்று வகுப்பை வைத்து, எஸ்.எஸ்.எல்.சி. அன்றைக்கு இருந்த நான்கு வாரியங்களில் ஒன்று மட்டுமே. இத்தனை தள்ளுபடி கொடுத்தாலும் இடைவெளி அடைபடவில்லை.

டெல்லி சொன்ன விளக்கம், கேள்விகள் நம் பிள்ளைகளின் சூழலுக்குப் பொருந்தாதவை என்பது. அடுத்த சுற்றுக்கு இந்தியா போகவில்லை. 2019-இல், அடுத்து வரவிருந்த ஒரு சுற்றில் மீண்டும் சேரப்போவதாக முடிவெடுத்தார்கள். பெருந்தொற்றில் தள்ளிப்போய் 2022-இல் நடந்த அந்தச் சுற்றிலும் இந்தியப் பெயர் இல்லை.

சூழல் என்ற வாதத்தை ஒரு கேள்வியை வைத்தே பார்த்துவிடலாம். பிசா தன் கேள்விகளில் சிலவற்றை மட்டும் வெளியிடும். வெளியிட்டது இனி தேர்வில் வராது. 2006 சுற்றுக்குப் பின் வெளிவந்ததில் அமில மழை பற்றி ஒன்று உண்டு. ஏதென்ஸ் நகரத்தின் பழைய பளிங்குச் சிலைகள் படத்தில் இருக்கும். அமில மழை பளிங்கைத் தின்கிறது. இதைக் காட்ட, இரண்டு கிராம் பளிங்குச் சில்லு ஒன்றை இரவு முழுக்க வினிகரில் போட்டு வைத்துக் காலையில் எடுத்து உலர்த்தினால் எடை என்ன ஆகும் என்பது ஒரு கேள்வி. அடுத்த கேள்விதான் சங்கதி. சோதனை செய்த மாணவர்கள் வேறு சில்லுகளை வெறும் காய்ச்சி வடித்த நீரிலும் போட்டு வைத்தார்களாம். ஏன்?

குன்னூரின் இரண்டாவது எலிக்கூட்டத்தை இப்போது எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் கிடந்த சில்லு கரையவில்லை என்று பார்த்தால்தான் கரைத்தது ஈரமல்ல, அமிலம் என்று சொல்ல முடியும். ஒப்பிடுவதற்காக என்று மட்டும் எழுதினால் பாதி மார்க். அமிலம்தான் காரணம் என்று உறுதிசெய்ய என்று எழுதினால் முழு மார்க். அந்த முழு மார்க், அளவுகோலின் உச்சிப் படியில் வைக்கப்பட்டது. வசதியான நாட்டுப் பிள்ளைகளும் அங்கே தடுக்கி விழுந்தார்கள். இதைப் பதில் சொல்ல ஏதென்ஸ் தெரிய வேண்டியதில்லை. எலுமிச்சம்பழம் நறுக்கிய இடத்தில் மொசைக் தரை வெளிறிப் போனதைப் பார்த்த எந்த வீட்டுப் பிள்ளைக்கும் சூழல் போதும். தெரிய வேண்டியது சோதனை என்பது எப்படிக் கட்டப்படுகிறது என்பது. நம் புத்தகத்தில் அமிலம் உண்டு, கால்சியம் கார்பனேட் உண்டு, சமன்செய்த சமன்பாடும் உண்டு. “இந்த இரண்டாவது சில்லு எதற்கு?” என்ற கேள்வி மட்டும் பரீட்சையில் வராது. வராததால் வகுப்பிலும் வராது.

ஆனாலும் டெல்லியின் வாதத்தை முழுக்கத் தூக்கி எறிய எனக்கு மனமில்லை. படிக்க வேண்டிய பத்தி நீளமாக இருந்தால் அது அறிவியலோடு வாசிப்பையும் சேர்த்தே அளக்கிறது. மொழிபெயர்ப்பு முரடாக இருந்தால் பாவம் பிள்ளை. இதற்கு மருந்து சூழலை மாற்றுவது என்று சிலர் கிளம்புவார்கள்: ஏதென்ஸ் சிலையை எடுத்துவிட்டுச் சுசீந்திரம் கோவில் சிலையைப் போடுவோம் என்று. போட்டால் கேள்வி செத்துவிடும். சுசீந்திரத்துச் சிலை கருங்கல். வினிகரில் ஓர் இரவு கிடந்தாலும் அசையாது. பழைய வீட்டுச் சுண்ணாம்புக் காரை என்றால் சரி. உள்ளூர்ப்படுத்துவதற்கும் அறிவியல் தெரிய வேண்டியிருக்கிறது.

வெளிநாட்டு மரக்கால் வேண்டாம் என்றால் சொந்த மரக்கால் வேண்டும். அது இருக்கவும் செய்கிறது. என்.சி.இ.ஆர்.டி. நடத்திய தேசிய அடைவுத் தேர்வு 2017 நவம்பர் 13 அன்று நாடு முழுக்க ஒரே நாளில் நடந்தது. மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்புகள், சுமார் 22 லட்சம் பிள்ளைகள். அடுத்தது 2021 நவம்பர் 12, பத்தாம் வகுப்பும் சேர்ந்து சுமார் 34 லட்சம். அதற்கடுத்தது 2024 டிசம்பர் 4, இப்போது பரக் என்ற புது அமைப்பின் பெயரில், 781 மாவட்டங்களில் 21 லட்சத்துச் சொச்சம் பேர். இவ்வளவு பெரிய அளவெடுப்பு உலகில் வேறு எங்கும் எளிதில் பார்க்கக் கிடைக்காது. நடத்திக் காட்டியதற்குப் பாராட்டத்தான் வேண்டும்.

முடிவுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். நடுநிலைப் பள்ளி முடிக்கும் பருவத்தில் அறிவியல்: 2017-இல் எட்டாம் வகுப்பின் தேசியச் சராசரி சுமார் 44 சதவீதம். 2021-இல் எட்டாம் வகுப்பு, 500-க்கு 250. 2024-இல் ஒன்பதாம் வகுப்பு, 40 சதவீதம். அவசரக்காரர் கையில் கிடைத்தால் 44, 50, 40 என்று கோடு போட்டு, பெருந்தொற்றில் பள்ளியை மூடியபோது அறிவியல் ஏறியது, திறந்த பிறகு இறங்கியது என்று தலைப்பே போட்டுவிடுவார். தப்பு எங்கே என்றால் மூன்றும் மூன்று மரக்கால். முதலாவது, சரியாக எழுதிய கேள்விகளின் சதவீதம். இரண்டாவது, கேள்வியின் கடினத்தையும் கணக்கில் சேர்த்துக் கட்டிய அளவு. அதில் 250 என்றால் பாதிக் கேள்வி சரி என்று பொருளில்லை. மூன்றாவது மீண்டும் சதவீதம், ஆனால் வகுப்பே வேறு. மூன்றாம் வகுப்பில் 2017-இலும் 2021-இலும் சூழ்நிலையியல் இருந்தது. 2024-இல் மொழியும் கணக்கும் மட்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணம் உண்டு, புதிய கல்விக் கொள்கையின் படிநிலைகளுக்கு ஏற்ப என்பார்கள். காரணம் நல்லதாகவே இருக்கட்டும். மரக்காலை மாற்றினால், மாற்றிய அன்று பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ஒரே நெல்லை இரண்டிலும் அளந்து குறித்துக்கொள்ள வேண்டாமா? வியாபாரிக்குத் தெரிந்த விஷயம் இது.

2021 தேர்வைப் பற்றி இன்னொன்று. தமிழ்நாட்டில் சின்ன வகுப்புகள் பத்தொன்பது மாத மூடலுக்குப் பிறகு நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. பன்னிரண்டாம் நாள் தேர்வு. அந்த வாரக் கடைசியில் குமரி மாவட்டம் வெள்ளத்தில் கிடந்தது. திருவனந்தபுரம்-நாகர்கோவில் ரயில் பாதையில் மண் சரிந்து வண்டிகள் நின்றன. அந்தத் தேர்வை எழுதிய பிள்ளைகள் எதை அளந்து கொடுத்தார்கள் என்று எனக்கு இன்றும் நிச்சயமில்லை.

நம் மாநிலத்தின் சொந்தக் கதையிலும் இதே ஓட்டை. பாடத்திட்டத்தைத் திருத்தி, பத்தாம் வகுப்புக்குப் புது அறிவியல் புத்தகம் 2019-இல் வந்தது. மனப்பாடத்தைக் குறைத்து யோசிக்க வைப்பது நோக்கம். புத்தகம் கனமாகத்தான் இருந்தது, தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 2020-இல் தேர்வு ரத்து, எல்லோரும் தேர்ச்சி. 2021-இலும் அப்படியே. 2022-இல் பாடத்தைக் குறைத்துத் தேர்வு. முழுப் பாடத்துக்கும் முதல் தேர்வு 2023-இல். நான்கு வருஷம் அந்தப் புத்தகம் என்ன செய்தது என்பதற்குத் தடயமே கிடையாது; அதற்கு முந்திய புத்தகத்தோடு ஒப்பிட அதற்கு முன்பும் அளவு இல்லை. 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம் அரசுப் பள்ளிகளின் நடுநிலை வகுப்புகளுக்குச் சோதனைப் பெட்டியோடு ஆளை அனுப்புகிறது. நல்ல யோசனை, எனக்குப் பிடித்த யோசனை. மன்றம் தொடங்கும் முன் சில நூறு பள்ளிகளில் ஒரு தடவை அளந்து வைத்திருந்தால் இன்று திரும்பிப் போய் அளக்கலாம். காய்ச்சல் பார்க்காமல் மருந்து கொடுத்துவிட்டு, இப்போது நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

வட்டம் நிரப்பும் ஓ.எம்.ஆர். தாளில் அறிவியல் அளக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கும் நியாயம் இருக்கிறது. நான்கில் ஒன்றைக் கருப்பாக்குவதில் லென்சைப் பிடித்த கை தெரியாது. மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் திட்டம் 1972-இல் பதினாறு பள்ளிகளில் தொடங்கியபோது இதைச் சரியாகப் பிடித்துக்கொண்டது: சோதனை செய்து கற்கிற பிள்ளைக்கு மனப்பாடப் பரீட்சை வைத்தால் சோதனை செத்துவிடும். அதனால் எட்டாம் வகுப்பில் புத்தகத்தையும் நோட்டையும் திறந்து வைத்துக்கொண்டே எழுதும் தேர்வு. கூடவே கையால் செய்து காட்டும் தேர்வு. கிராமத்து அரசுப் பள்ளிகளில் முப்பது வருஷம் இது நடந்தது. 2002-இல் அரசு நிறுத்திவிட்டது. திட்டம் போய்விட்டது, செய்ய முடியும் என்பதற்கான சாட்சி போகவில்லை. மாதிரிக்கு எடுக்கிற பள்ளிகளில், ஒவ்வொரு பள்ளிக்கும் ஆறு பிள்ளைகளிடம் குவியத் தூரம் சொல்லப்படாத ஒரு லென்சைக் கொடுத்து ஜன்னலைக் காட்டினால் போதும். பதினைந்து நிமிஷம்.

பணம் கூடுதலாக வேண்டியதில்லை. நாற்பது அறிவியல் கேள்விகளையும் நாலைந்து கைச்சோதனைகளையும் பூட்டி வைக்க ஒரு பெட்டி, அதைத் திறக்காமல் வைத்திருக்க ஒரு மனசு, மூன்று வருஷத்துக்கொருமுறை அதே மாதத்தில் அதே வகுப்புகளுக்குக் குலுக்கலில் எடுத்த பள்ளிகளில் அதைக் கேட்க ஏற்பாடு. மாவட்டத்துக்கு மாவட்டம் ரேங்க் போடாமல், ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் எவ்வளவு முன்னே பின்னே இருக்கலாம் என்பதையும் அச்சிட வேண்டும். ரேங்க் வந்த மறுநாளே மெல்லக் கற்போரை அன்றைக்கு லீவு போடச் சொல்லும் பழக்கமும் வந்துவிடும். பள்ளிக்கூடங்களை அறிந்தவர்களிடம் இதை விளக்க வேண்டியதில்லை.

2021 நவம்பரில் மூன்றாம் வகுப்பில் தேர்வு எழுதிய பிள்ளைகள் 2024 டிசம்பரில் ஆறாம் வகுப்பில் இருந்தார்கள். அதாவது, யாரும் திட்டமிடாமலேயே ஒரே வயதுக் கூட்டம் இரண்டு தேசியத் தேர்வுகளின் கீழ் வந்தது. இரண்டுக்கும் பொதுவாகப் பூட்டி வைத்த கேள்விகள் இருந்திருந்தால் அந்த மூன்று வருஷத்தில் அவர்கள் எவ்வளவு நகர்ந்தார்கள் என்று இந்நேரம் தெரிந்திருக்கும். அதே பிள்ளைகள் 2027-28-இல் ஒன்பதாம் வகுப்பில் இருப்பார்கள்.